பரமேஸ் அக்காவின் டர்போ

டிராக்டர் பட்டறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களிடம் என்னைப் பேசச் சொல்லும்போதெல்லாம், முன் வரிசையில் இருப்பவர்கள் பேனாவைத் திறந்துகொள்கிறார்கள். மூடி வையுங்கள். எந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. நான் சொல்வதைவிடத் தெளிவாக, பின்னணி இசையோடு இருக்கிறது. கைப்பேசியில் இல்லாதது வேறு ஒன்று. வாடிக்கையாளர் ஒன்றைக் கேட்கிறார், முதலாளி சரி என்று சொல்லிவிட்டார், உங்கள் மனம் வேண்டாம் என்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் கையில் ஸ்பேனரோடு எப்படி நிற்பது? என் வேலைக்காலம் முழுக்க நான் அங்கேதான் நின்றேன். அதனால் அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஈப்போவில் நாங்கள் இருந்த பட்டறையின் தவ்க்கே, அதாவது முதலாளி, சுங்கை சிப்புட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து உதைத்து வளர்ந்த சீனர். அவருடைய தமிழ் என் தமிழைவிட வேகமானது. நல்ல மனிதர். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், யார் எதைக் கேட்டாலும் "போலே" என்பார். முடியும் என்பதற்கு மலாயில் அதுதான் சொல். சின்னச் சொல்லாக இருப்பதால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. அவர் "போலே" என்று சொல்வார். அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் பார்த்துக்கொள்பவருக்குப் போர்மேன் என்று பெயர். அந்தப் போர்மேன் நான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, பரமேஸ் அக்கா தன் சின்ன டீசல் டிராக்டரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனால் அவர் ஊர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா, அதனால் எனக்கும் அக்கா. அவர் என்னை அண்ணே என்பார். இருவரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கி மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தோம். தலையில் லோரி ஓட்டுநர் தொப்பி, தொப்பிக்குப் பின்னால் மல்லிகைச் சரம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, முன்பு ரப்பர் எஸ்டேட்டாக இருந்து இப்போது துண்டு துண்டாகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நிற்கும் நிலங்களில், சிறு தோட்டக்காரர்கள் வெட்டிப்போடும் பழக்குலைகளை டிரெய்லரில் ஏற்றிப் பெரிய சாலையில் இருக்கும் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவது அவர் தொழில். வெட்டிய குலை காத்திருக்காது. அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.

"அண்ணே, டர்போ போடணும்" என்றார், வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே.

"எதுக்கு அக்கா?"

"பங்களா மேட்டுல ஏற மாட்டேங்குது. வெறும் வண்டி நல்லாத்தான் ஓடுது. பாரம் போட்டா முக்குது, மொனகுது. நடந்து போறவங்க என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பாத்து, 'அக்கா வாரீங்களா'ன்னு கேக்குறாங்க."

"நான் ஒரு தடவ வந்து பாக்கட்டுமா? பாரத்தோட மேட்டுல ஏறுறத?"

"மேடு மேடுதான் அண்ணே. அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து தவ்க்கேயின் குரல் வந்தது. "டர்போவா? போலே!"

ஆக, முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் நான் அக்காவை விடவில்லை. ஒருவர் தன் வண்டிக்கு வலு வேண்டும் என்று கேட்டால், யாரைவிட வலு வேண்டும் என்று கேளுங்கள். அதற்குத்தான் உண்மையான பதில் வரும். அக்கா கொஞ்ச நேரம் தொப்பியைச் சரிசெய்தார்.

"என் தம்பி சேகர் இருக்கான்ல, அவனும் குலைதான் ஏத்துறான். பெரிய டிராக்டர் ஒண்ணு வாங்கிட்டான். நான் மேட்டுல ஊர்ந்துக்கிட்டு இருக்கறப்ப பக்கத்துல வந்து, கையைக் காட்டிட்டுப் போறாண்ணே."

"தம்பிதானே அக்கா."

"தம்பிங்கறதாலதான் கடுப்பாவுது. வேற எவனாவது இருந்தா நாலு வார்த்த கேட்டுருப்பேன்லா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தோட்டக்காரங்க எல்லாம் வயசானவங்க. நல்லவங்க. ஆனா 'பரமேசு, குலை லேட்டாப் போவுது, உன் தம்பிக்கே குடுத்துடட்டா'ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. அவங்கள என்னான்னு சொல்றது?"

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. அந்த அம்மாள் தன் பிழைப்பு மெல்ல மெல்லத் தம்பி கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தம்பியோ அன்பாகக் கை காட்டிக்கொண்டிருக்கிறார்.

எஞ்சினைச் சோதித்தேன். வடிகட்டி சுத்தம், எரிபொருள் சீராக வருகிறது, அழுத்தம் புது எஞ்சினைப் போல இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. மருத்துவர் உங்களைச் சோதித்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மகிழ்ச்சியடைவீர்கள். மெக்கானிக்குக்கு அது கவலை. எல்லாம் நன்றாக இருந்தும் மேட்டில் ஏறவில்லை என்றால் நான் பார்க்க வேண்டிய இடத்தை இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். இதைத் தவ்க்கேயிடம் சொன்னேன்.

"எஞ்சின் நல்லாருக்குன்னா இன்னும் நல்லதுதானே" என்றார். "டர்போவத் தாங்கும்."

பழைய ஜப்பான் வாகனங்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் கடையிலிருந்து ஒரு சின்ன டர்போவை அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பொருத்தினேன். வேலை விவரம் வேண்டாம். ஆனால் பின்னால் வருவதற்காக ஒன்றை மட்டும் சொல்கிறேன். டர்போவுக்குள் சுழலும் தண்டுக்கு எஞ்சின் எண்ணெய் வேண்டும். எண்ணெய் உள்ளே போகும் குழாய் மெல்லியதாக இருக்கலாம், அழுத்தத்தில் போய்விடும். திரும்பி வரும் குழாய் அகலமாக, நேராகக் கீழே இறங்க வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணெய் தானாக வழிந்துதான் இறங்குகிறது. அதனால் தடிமனான கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றைப் போட்டேன். பார்க்க அழகாக இருக்காது, வேலையைச் செய்யும். என்னைப் பற்றியும் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள்.

முதல் நாள், அக்கா பாரத்தோடு பங்களா மேட்டில் ஏறினார். ஏறிவிட்டு எனக்குப் போன் செய்தார். வார்த்தையே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "அண்ணே, பறக்குதுலா! சேகர் வாயப் பொளந்து பாக்குறான்!" எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனம் வேண்டாம் என்று சொன்ன ஒன்று நன்றாக முடிந்துவிட்டால், மனத்தைத் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம்.

ஆனால் எஞ்சினுக்கு வீரம் வந்த செய்தி வண்டியின் மற்ற உறுப்புகளுக்குப் போய்ச் சேருவதில்லை. கிளட்ச், எஞ்சின் பிறந்தபோது கொடுத்த வலுவுக்குச் செய்யப்பட்ட கிளட்ச்தான். சில வாரங்களில் அது வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் அதைப் பொருட்படுத்தவில்லை. மாற்றியாக வேண்டும் என்றேன்.

"டெமோ முடியட்டும்" என்றார் தவ்க்கே.

"என்ன டெமோ?"

அக்கா மேட்டில் பறந்த கதை அதற்குள் சித்தியவான் வரைக்கும் பறந்துவிட்டிருந்தது. தோட்டக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே எஸ்டேட் திடலில் கூடாரம் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, சிறு தோட்டக்காரர் சங்கத் தலைவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, அக்காவின் டிராக்டரை எல்லோருக்கும் காட்டுவது என்று தவ்க்கே ஏற்பாடு செய்துவிட்டார். அக்காவும் சம்மதித்துவிட்டார். தம்பி சேகரும் வருவார் என்பதால் இரட்டைச் சம்மதம்.

டெமோவுக்கு முன்பு நான் தைப்பிங்குக்குப் போயிருந்தேன். அங்கே மழையில் ஒரு மண்வாரி இயந்திரம் நின்றுபோயிருந்தது. தைப்பிங்கில் மழை எப்போது விடும் என்று யாரும் கேட்பதில்லை, எனவே வேலை இழுத்துக்கொண்டே போனது. டெமோ நாளன்று காலையில் நேராகத் திடலுக்கு வந்து சேர்ந்தேன்.

கூட்டம் நன்றாக இருந்தது. பலகாரமும் நன்றாக இருந்தது. டிராக்டரைக் கழுவி, மாலை போட்டு, எஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டு டர்போ எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தியிருந்தார்கள். அக்கா புதுப் புடவையில், அதே தொப்பியோடு ஏறி உட்கார்ந்திருந்தார். தலைவர் பேசி முடித்தார். தவ்க்கே ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, "அக்கா, ஸ்டார்ட்!" என்றார். எஞ்சின் கிளம்பியது. டர்போவின் மெல்லிய விசில் கேட்டது. கூட்டம் கை தட்டியது.

அப்போதுதான் நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். என் கறுப்பு ரப்பர் குழாயைக் காணவில்லை. அதன் இடத்தில், வெள்ளிப் பின்னல் போட்ட மெல்லிய குழாய் ஒன்று, யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல மேலே எழும்பி, வளைந்து, பிறகு ஒயிலாகக் கீழே இறங்கியிருந்தது. கைவேலை சுத்தமாக இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எண்ணெய் மேல்நோக்கி வழியாது என்பதைத் தவிர.

"தவ்க்கே, அந்தக் குழாய் யாரு மாத்துனது?"

அவர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "கறுப்பு ரப்பர் வீடியோவுல அசிங்கமாத் தெரியும். நான்தான் மாத்தச் சொன்னேன். அழகா இருக்குல்ல?"

"அக்கா, அணைங்க!" என்று கத்தினேன். அக்கா சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் அணையவில்லை.

இதுதான் நான் சொல்ல வந்த இடம். திரும்ப வழியில்லாத எண்ணெய் டர்போவுக்குள் தேங்கி, எண்ணெயைத் தடுக்கும் வளையத்தைத் தாண்டி, எஞ்சின் மூச்சிழுக்கும் வழியில் உள்ளே போய்விட்டது. டீசல் எஞ்சினுக்கு எது எண்ணெய், எது எரிபொருள் என்ற வேறுபாடெல்லாம் தெரியாது. எரிகிறதா, எரிக்கும். தன் எண்ணெயையே குடித்துக்கொண்டு ஓடும் எஞ்சினிடம் சாவிக்கு அதிகாரம் இல்லை. டீசலை நிறுத்தினாலும் அதற்குக் கவலையில்லை. வேகம் தானாக ஏறுகிறது. அக்கா கால் வைக்காமலே சத்தம் உயர்ந்துகொண்டே போனது. புகைக்குழாயிலிருந்து நீலமும் வெள்ளையுமாகப் புகை கிளம்பித் திடலையே மறைத்தது.

மக்கள் ஓடினார்களா என்று கேட்பீர்கள். ஓடினார்கள், எங்களை நோக்கி. கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. தவ்க்கேயோ ஒலிபெருக்கியில், "பாருங்க! பாருங்க பவர!" என்றார். கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. ஓர் எஞ்சின் தன் கடைசி நிமிடங்களில் இருக்கிறது, சிதறினால் இரும்புத் துண்டுகள் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது, அதற்குக் கிடைத்ததோ பாராட்டு.

என் கை தானாக ஸ்பேனரை எடுத்தது. டீசல் குழாயைக் கழற்றப் போனேன். பதற்றத்தில் கைக்குப் பழகிய வேலைதான் முதலில் வரும், சரியான வேலை இரண்டாவதாகத்தான் வரும். அந்த இரண்டாவது வரும்வரைக்கும் ஒரு மூச்சு பொறுத்துக்கொள்ளப் பழகுங்கள். டீசல் குழாயைக் கழற்றி ஒரு பயனும் இல்லை என்பது உறைத்தது. ஸ்பேனரைக் கீழே போட்டேன்.

"அக்கா, பெரிய கியர் போட்டு, பிரேக்க மிதிச்சுக்கிட்டு, கிளட்ச விடுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் செய்துவிட்டார். வழக்கமாக எந்த எஞ்சினும் அதில் மூச்சடைத்து நின்றுவிடும். ஆனால் கிளட்ச் வழுக்கியது. கருகிய நாற்றம் வந்ததே தவிர எஞ்சின் நிற்கவில்லை. எந்த டர்போ எஞ்சினைத் தறிகெட வைத்ததோ, அதே டர்போதான் அதை நிறுத்தும் வழியையும் முன்கூட்டியே தேய்த்து வைத்திருந்தது.

"கியர எடுத்துட்டு எறங்கி ஓடுங்க அக்கா!"

கியரை எடுத்தார். இறங்கவில்லை. "நான் எறங்குனா பிரேக்க யாருண்ணே மிதிக்கிறது? முன்னால பூரா ஆளுங்க நிக்கிறாங்க!" என்றார். முகம் வெளுத்திருந்தது. கால் மட்டும் பிரேக்கிலிருந்து அசையவில்லை. பள்ளம் பார்த்த திடல் அது. பிரேக்கை விட்டால் வண்டி கைப்பேசிகளை நோக்கி உருண்டிருக்கும்.

அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சேகர் வந்தார். நேராகச் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, "பின்னால போங்கடா! எங்க அக்கா வண்டில இருக்கு, உங்களுக்கு வீடியோவா?" என்று கத்தினார். அப்போதுதான் முதல் முறையாக மக்கள் பின்வாங்கினார்கள்.

மிச்சம் இருந்தது காற்று ஒன்றுதான். எண்ணெயைக் குடித்தாலும் காற்றில்லாமல் எந்த எஞ்சினும் எரியாது. யாரோ நல்லெண்ணத்தில் தலைவரின் பொன்னாடையை உருவிக் காற்று வடிகட்டியின் வாயில் அமுக்கினார்கள். எஞ்சின் அதை ஒரு முனையிலிருந்து தின்ன ஆரம்பித்தது. துணி கூடாது, கை கூடவே கூடாது. கையை வைத்தால் உறிஞ்சும் வேகத்தில் தோல் தங்காது. நான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து மேசையில் மாலைகளை அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் தாம்பாளம். மாலைகளைக் கொட்டிவிட்டு அதை எடுத்து, பொன்னாடையில் மிஞ்சியதை இழுத்தெறிந்துவிட்டு, பக்கவாட்டில் நின்று, வடிகட்டியின் வாய்மேல் அறைந்தாற்போல் வைத்தேன்.

தாம்பாளத்தை என் கையிலிருந்து எஞ்சினே வாங்கிக்கொண்டது. அப்படி ஓர் உறிஞ்சல். சத்தம் இறங்கியது, இருமியது, ஒரு குலுக்கு குலுக்கியது, நின்றது.

திடலில் ஒலிபெருக்கியின் கீச்சொலி மட்டும் கேட்டது. சேகர் அக்காவின் கையைப் பிடித்து இறக்கினார். அக்கா தம்பி தோளில் சாய்ந்து நின்றார். தவ்க்கே ஒலிபெருக்கியை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "சாரிலா" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் கேட்டதில்லை.

இதோடு டர்போ வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்தால் உங்களுக்கு மக்களைத் தெரியவில்லை. மறுநாளே பட்டறையில் வரிசை. "அந்த மாதிரி சத்தம் வேணும் அண்ணே" என்றார் ஒருவர். "புகை அந்த அளவுக்கு வேணாம், கொஞ்சமா வந்தாப் போதும்" என்றார் இன்னொருவர், மிளகாய் அளவு சொல்வதுபோல. சரியாகப் பொருத்தினால் டர்போ நல்ல பொருள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்தவர்களில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஒருவருக்கு வடிகட்டி அடைத்திருந்தது. ஒருவர் தப்பான கியரில் ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு மருமகனோடு சண்டை. தவ்க்கே ஒரு சீர்திருத்தம் செய்திருந்தார். "போலே" என்று சொல்லிவிட்டு, "ஆனா இவரு வந்து பாத்துட்டுச் சொல்லுவாரு" என்று என்னைக் காட்டினார். நான் நடுவில் நிற்கும் இடம் மாறவில்லை. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது, அவ்வளவுதான்.

அக்காவின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம். சீக்கிரம் நிறுத்திவிட்டதால் பிழைத்திருந்தது. டர்போவைக் கழற்றினோம், எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம், புதுக் கிளட்ச் போட்டோம். அக்கா மறுப்பு சொல்லவில்லை. "ஊர்ந்துக்கிட்டே போறேண்ணே. உசுரோட போனாப் போதும்" என்றார். குரலில் தோற்றுப்போனவரின் அமைதி இருந்தது.

"இப்பயாவது மேட்டப் பாக்க வாரேன்" என்றேன்.

பாரம் ஏற்றிய வண்டியில், அவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு பங்களா மேட்டில் ஏறினேன். அவர் சொன்னது உண்மைதான். எஞ்சின் முக்கியது, முனகியது. பாதி மேட்டில் எனக்கு ஒரு வாடை வந்தது.

"என்ன அக்கா இது, ஏதோ கருகுற மாதிரி?"

"அது எப்பவும் வரும்ணே. இந்த மேட்டோட வாடை."

மேட்டுக்கென்று தனி வாடை கிடையாது. மேலே போனதும் இறங்கி, டிரெய்லரின் சக்கரங்களைச் சுற்றி வந்தேன். ஒரு பக்கச் சக்கரத்தின் நடுவில் தண்ணீர் தெளித்தேன். சுரீர் என்று ஆவியானது. குனிந்து அடியில் பார்த்தேன். அந்த டிரெய்லரை எப்போதோ யாரோ ஒரு பழைய லோரியின் அச்சை வைத்துச் செய்திருக்கிறார்கள். பிரேக் கம்பியைத் தவறான இடத்தில் பற்றவைத்திருக்கிறார்கள். பாரம் ஏறினால் ஸ்பிரிங் வில்தகடு தாழ்கிறது. அது தாழும்போது கம்பி இழுபட்டு, பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது. பாரத்தை இறக்கினால் பிரேக் விட்டுவிடுகிறது, சக்கரம் காற்றாடிபோலச் சுற்றுகிறது. காலி டிரெய்லரை யார் சோதித்தாலும் ஒன்றும் தெரியாது. பட்டறைக்கோ டிராக்டர் மட்டும்தான் வரும், டிரெய்லர் வீட்டில் நிற்கும். இத்தனை நாளும் அந்தச் சின்ன எஞ்சின் பாரத்தோடு சேர்த்துப் பிரேக்கையும் இழுத்துக்கொண்டு மேடு ஏறியிருக்கிறது. நாங்கள் அதைத்தான் பலவீனம் என்று சொல்லி, டர்போ போட்டு, கிட்டத்தட்ட வெடிக்க வைத்தோம்.

அக்காவிடம் காட்டினேன். அவர் முதலில் சிரித்தார். அடக்க முடியாமல், தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணே, இது சேகர் குடுத்த டிரெய்லர்."

"எப்ப குடுத்தாரு?"

"பெரிய டிராக்டர் வாங்குனப்ப. அவன்கிட்டயும் முன்ன என்னது மாதிரி சின்ன வண்டிதான் இருந்துச்சு. இந்த டிரெய்லரத்தான் இழுத்துச்சு. இந்த மேட்டுல ஏறலன்னுதான் அத வித்துட்டுப் பெரிய வண்டியும் பெரிய டிரெய்லரும் வாங்குனான். 'அக்கா, இத நீ வச்சுக்க'ன்னு சும்மாவே குடுத்தான். நான் கோயில்ல அவன் பேருக்கு அர்ச்சனை பண்ணேண்ணே."

ஒரு கம்பி. அதற்காக ஒருவர் நல்ல வண்டியை விற்றார், இன்னொருவர் நல்ல எஞ்சினைக் கெடுக்கப் பார்த்தார். அக்காளும் தம்பியும் யார் வண்டி உசத்தி என்று ஒருவரையொருவர் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவர்கிட்ட சொல்லிடலாமா அக்கா?"

"வேணாம்ணே." உடனே சொன்னார். "அந்தச் சின்ன வண்டிய லோரில ஏத்திட்டுப் போனப்ப அவன் அழுதான். நான் பாத்தேன். இப்ப பெருசுல உக்காந்ததுலேருந்துதான் நிமிந்து நடக்குறான். இதப் போயிச் சொன்னா ராத்திரி தூங்க மாட்டான்லா. நீங்க கம்பிய மட்டும் சரி பண்ணுங்க. வேற யாருக்கும் தெரிய வேணாம்."

கம்பியை வெட்டிச் சரியான இடத்தில் பற்றவைக்க ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு அக்கா மேட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். தோட்டக்காரர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். சேகர் இரு மடங்கு பாரம் ஏற்றிக்கொண்டு போவார். அக்கா தன் அளவு பாரத்தோடு அவருக்குப் பின்னாலேயே, சில நாள் பக்கத்திலேயே ஏறுவார்.

கொஞ்ச நாள் கழித்து சேகர் தன் பெரிய டிராக்டரோடு பட்டறைக்கு வந்தார். சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தார்.

"அண்ணே, அக்கா வண்டில டர்போவக் கழட்டிட்டீங்கன்னு சொல்றாங்க. பொய்தானே?"

"கழட்டியாச்சு தம்பி."

"அப்பறம் எப்படிண்ணே என் கூடவே மேட்டுல வருது? நேத்து என்னையத் தாண்டிப் போயி, கையைக் காட்டிட்டுப் போவுது." கொஞ்சம் தயங்கினார். "சத்தம் வராம ஏதோ புது மாடல் போட்டுருக்கீங்க. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

நான் அவர் வண்டியின் மூடியைத் தூக்கினேன். தூசிக்குள் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினேன். தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பிய டர்போ, நல்ல தடித்த கறுப்புக் குழாயோடு உட்கார்ந்திருந்தது.

"உங்க வண்டி பொறந்தப்பவே அது இருக்கு தம்பி."

அவர் குனிந்து அந்தக் குழாயை விரலால் தொட்டுப் பார்த்தார். இத்தனை மாதம் தன் வண்டியில் இருந்தது அவருக்குத் தெரியாது. பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப அக்கா வண்டில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றேன்.

அது முழு உண்மை. இந்தத் தொழிலில் வாடிக்கையாளர்களிடம் நான் எத்தனையோ சமாளிப்புகள் சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றையும் நம்பியிருக்கிறார்கள். அன்றைக்கு சேகர் என்னைப் பார்த்த மாதிரி அதற்கு முன் யாரும் என்னை அவ்வளவு சந்தேகமாகப் பார்த்ததில்லை.